பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் 14

மொட்டைக் கடுதாசி வந்து ஆறு நாள் ஆகிறது. ரேணுகாம்பாளுக்கு ஆறு நாளாகச் சோறு இறங்கவில்லை. போன வாரம் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி.

ரேணுகாம்பாள் அடி அண்ணாமலையில் முதியோர் கல்வி வகுப்பு நடத்துகிறாள். சர்க்கார் திட்டம். ஆரம்பித்து எட்டு மாசம் ஆகிறது. படிக்க வருகிறவர்கள் கழனி வேலைக்குப் போகிற பெண்கள். 'முதியோரா? நாங்களா?' என்று முதல் நாளே சண்டைக்கு வந்தவர்கள். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'பட்டம், படம்' என்று தொடங்கியதில் முப்பது பேர் வந்த வகுப்பு ஐந்து பேராகக் கரைந்தது. ஒருநாள் வெறுத்துப்போய், பையில் கிடந்த சினிமாப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். டீக்கடை ரேடியோவில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பாடமான பாட்டு. வாய்க்குத் தெரிந்த சொல்லைக் கண்ணால் தேடிப் பிடிக்கச் சொன்னாள். அடுத்த வாரம் இருபத்திரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

அதைத்தான் எவரோ வேலூர் ஜில்லா ஆபீசுக்கு எழுதிப்போட்டுவிட்டார்கள். 'சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு சினிமாப் பாட்டு சொல்லித்தருகிறாள்' என்று, கீழே பேரில்லாமல்.

அதிகாரி விசாரிக்க வருவது இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. விஷயம் அவள் புருஷன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கவலை.

புருஷன் சக்கரவர்த்தி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். சுற்று வட்டாரத்தில் எங்கே பட்டிமன்றம் என்றாலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் வீட்டில் சினிமாப் பேச்சு கூடாது. பதினோரு வருஷக் குடித்தனத்தில் கடைசி எட்டு வருஷமாக ரேணுகாம்பாள் ஒரு படம் பார்த்ததில்லை. காரணம் இருந்தது. அவருடைய தம்பி வேணு, கீழ்பென்னாத்தூரில் கழனியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பதினெட்டு வயதில் நடிக்கப் போகிறேன் என்று மெட்ராசுக்கு பஸ் ஏறினான். ஒரு வருஷம் கடிதம் வந்தது. சின்ன வேஷம் கிடைத்திருக்கிறது என்று எழுதினான். பிறகு கடிதமும் நின்றுபோயிற்று. சக்கரவர்த்தி மூன்று தடவை கோடம்பாக்கம் போய்த் தெருத்தெருவாக விசாரித்துவிட்டு வந்தார். மூன்றாம் தடவை திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வேணு என்று யாரும் சொல்வதில்லை. அது நடந்து எட்டு வருஷம்.

அப்படியானால் அந்த வீட்டுக்குள் பாட்டுப் புத்தகம் எப்படி வந்தது? மாமியார் காசியம்மாள் மூலமாகத்தான். பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நடித்தவர்கள் பேரெல்லாம் அச்சடிக்கிறார்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். காசியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. "ரேணு, உனக்குப் புண்ணியமா போவுது. அவன் பேரு கீதான்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதுசாக எது வந்தாலும் ரேணுகாம்பாள் வாங்கி வருவாள். கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள். "இல்லீங்க அத்தை" என்பாள். புத்தகம் அரிசி டிரம்முக்குப் பின்னால் சாக்குக்குள் போய்விடும். இதுவரை நாற்பத்தொரு புத்தகம். எல்லாவற்றிலும் கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். அவள் எந்தத் திரையைப் பார்த்தாள்? நாற்பத்தொரு கதைக்கும் முடிவு தெரியாத ஒரே பெண் இந்த ஜில்லாவிலேயே அவளாகத்தான் இருக்கும்.

ஆயிற்று, கதைக்கு வருவோம்.

காலையில் சக்கரவர்த்தி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம். சினிமாவால் சமூகம் வளர்கிறதா, தளர்கிறதா? அவர் 'தளர்கிறது' அணியின் தலைவர். பிள்ளைகள் இரண்டும் லீவுக்குப் படவேட்டில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்ததால், ஒத்திகைக்கு ரேணுகாம்பாள் ஒருத்திதான் ஜனம்.

"இத கேளு. 'வெள்ளித்திரை விரித்த வலையில் விழுந்து விட்ட விட்டில்களே!' எப்படி?"

"'வி' கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க."

"பட்டிமன்றத்துல ஜாஸ்தியா இருந்தாத்தான் எடுபடும்." காபியை ஒரே மூச்சில் குடித்தார். "உன் வகுப்புக்கு இன்னிக்கு அதிகாரி வராராமே? அவருதான் எங்களுக்கு நடுவர். பரசுராமன்னு பேரு. பட்டிமன்றத்துக்கு வர்ற வழியிலயே உன் வகுப்பையும் பாத்துட்டுப் போவாராம். மரியாதையா நடந்துக்க. நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்து."

"சரிங்க" என்றாள்.

பேரைப் போய்ப் பரசுராமன் என்றா வைத்திருக்க வேண்டும்? புராணத்துப் பரசுராமன் பெற்ற தாயின் தலையையே வெட்டினான் என்று படவேட்டில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் அந்தத் தாய்க்கும் இவளுக்கும் ஒரே பேர், ரேணுகாம்பாள்!

டவுனிலிருந்து காஞ்சி கிராமத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறி அவள் அடி அண்ணாமலையில் இறங்கியபோது மணி ஒன்றரை. பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடலைக்கொல்லையிலிருந்து நேரே வந்தவர்கள். முழங்கையில் செம்மண் காய்ந்திருந்தது.

பரசுராமன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை. நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சினிமாப் பாட்டு நடத்தறீங்களா?"

"ஆமாங்க." மறைத்துப் பிரயோஜனமில்லை என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். "பாடப் புத்தகமும் நடத்தறேன். ஆனா இவங்க வர்றது பாட்டுக்குத்தாங்க."

"அந்தப் புத்தகத்தைக் குடுங்க." வாங்கிப் பிரித்து முன்வரிசையில் இருந்த ஆராயியிடம் நீட்டினார். "நீ படிம்மா."

ஆராயி கெட்டிக்காரி. முப்பது வயசு, கணீரென்ற குரல். பாட்டைத் தடங்கலில்லாமல் படித்தாள். நாலாவது வரியில் அதிகாரி புத்தகத்தைப் படக்கென்று மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். ஆராயி அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்தாவது வரி, ஆறாவது வரி என்று போய்க்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த பச்சையம்மாள் இடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"பாத்தீங்களா டீச்சர்? இது படிப்பில்லை, மனப்பாடம். கிளிகூட இதைச் செய்யும்."

ரேணுகாம்பாளுக்குக் காது சுட்டது. வகுப்பு போயிற்று என்றுதான் நினைத்தாள். அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி விடவில்லை. பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்த தங்கம்மாளைக் கூப்பிட்டார். போயும் போயும் தங்கம்மாளையா! வகுப்பிலேயே அவள்தான் மந்தம். ஒரு வரிக்கு ஒரு ஆழாக்கு வேர்வை சிந்துவாள்.

"நீ படி. இந்தப் பாட்டு."

தங்கம்மாள் விரலை வைத்தாள். "ம... ஞ்... ச. மஞ்ச. கயிறு வா...ங்கி வெச்சேன். மல்...லி. மல்லிப் பூவும் வாங்கி வெச்சேன்." நிறுத்தி மூச்சு விட்டாள். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "தா... டி. தாடி. தாடி கட்ட எந்த நாளு சொல்லு மச்சானே."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரசுராமனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாடி இல்லம்மா, தாலி. தாலி கட்ட எந்த நாளு" என்றார்.

"பாட்டு தாலிதாங்க. அது எனுக்கும் தெரியும்." தங்கம்மாள் விரலை எடுக்கவில்லை. "ஆனா இங்க தாடின்னுதான் போட்டுக்கீது. படிக்கச் சொன்னீங்க, படிச்சேன்."

"எங்கே?"

"இதோ. தா, அப்புறம் டி. நீங்கதாங்க பாக்காம மனப்பாடமா சொல்றீங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். லி இருக்க வேண்டிய இடத்தில் டி. அச்சுக் கோத்தவன் கைமாறிப் போட்டிருக்கிறான். ரேணுகாம்பாளும் எட்டிப் பார்த்தாள். தாடிதான்! இதே பாட்டை இந்த வகுப்பில் ஒரு மாசம் நடத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தாலி என்றே படித்திருக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த கண்ணுக்குத் தெரியாதது, எட்டு மாசம் எழுத்துக் கூட்டிய தங்கம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதிகாரி நிமிர்ந்தார். தங்கம்மாளுக்குக் கைகூப்பினார். அவள் பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"நீதாம்மா இங்க நெஜமா படிக்கறவ. வகுப்பு நடக்கட்டும் டீச்சர். பாட்டும் இருக்கட்டும், பாடமும் இருக்கட்டும்." வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது முதல் பக்கத்தைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். "கணவர் பெயர் சக்கரவர்த்தி, தமிழாசிரியர்னு இருக்குதே? நம்ம பட்டிமன்றப் புலவரா?"

"ஆமாங்க" என்றாள் ரேணுகாம்பாள். அவரிடம் சொல்லாதீங்க என்று கேட்க வாய் வரை வந்தது. அதிகாரியிடம் எப்படிக் கேட்பது? புருஷனுக்குத் தெரியாமல் செய்கிறேன் என்று ஒரு பெண் வெளியே சொல்ல முடியுமா? விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். காசியம்மாள் மகன் பேசுகிற நாளில் மட்டும் உடுத்துகிற சுங்குடிப் புடவையில் வந்திருந்தாள்.

சக்கரவர்த்தி நன்றாகத்தான் பேசினார். "எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் விடைத்தாளில் தன் பேரை எழுதவேண்டிய இடத்தில் நடிகன் பேரை எழுதிவிட்டான். நான் யாருக்கு மார்க் போடுவது?" என்றபோது கூரை அதிர்ந்தது. கிருதா, பெல்பாட்டம், கட்அவுட்டுக்கு ஊற்றிய பால் எல்லாம் வரிசையாக வந்தன. விட்டில்களுக்கும் நல்ல கைத்தட்டல். கடைசியில், "வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர்? வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்?" என்றவர் குரல் அடைத்து நின்றார். என்ன பேச்சாற்றல் என்று பக்கத்தில் ஒருத்தர் வியந்தார். ரேணுகாம்பாள் மாமியாரைப் பார்க்கவில்லை. காசியம்மாளின் கை மட்டும் வந்து அவள் கையைப் பிடித்தது.

எதிரணியில் தபால் ஆபீஸ் மூர்த்தி. ஒல்லி ஆள். எதுகை மோனை எதுவும் கிடையாது.

"எங்க தாத்தாவை ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்க விடலீங்க. ஆனா டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு உக்காந்தப்ப, பக்கத்துல உக்காந்திருக்கறவன் எந்தத் தெருன்னு ஒருத்தனும் கேக்கல. வெளக்கு அணைஞ்ச மூணு மணி நேரம் எல்லாரும் ஒண்ணா அழுதோம், ஒண்ணா சிரிச்சோம். சினிமா மூணு மணி நேரம் செஞ்சுது. மீதி இருபத்தோரு மணி நேரத்துக்கு நாம இன்னா செஞ்சோம்?"

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. சக்கரவர்த்திகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவர் பரசுராமன் தீர்ப்புக்கு எழுந்தார். இரண்டு பக்கமும் தட்டிக் கொடுத்துவிட்டு, "இன்று மத்தியானம் ஒரு காட்சி கண்டேன்" என்று தொடங்கினார். ரேணுகாம்பாள் மாமியாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆராயி, தங்கம்மாள், தாலி, தாடி என்று ஒன்று விடாமல் சொன்னார். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சக்கரவர்த்தியும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார், பாவம்.

"அந்தப் பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தது எது? சினிமாப் பாட்டு! அதைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியை யார் தெரியுமா? நம் 'தளர்கிறது' அணித் தலைவருடைய இல்லத்தரசி! புலவர் வீட்டிலிருந்தே சினிமா சமூகத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறது, ஐயா!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கைத்தட்டல் ஓய வெகு நேரமாயிற்று. சக்கரவர்த்தி எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு அரை மைல். அவர் பத்தடி முன்னால் போனார். வழியில் இரண்டு பேர், "வாத்தியாரே, தாடி எப்ப?" என்று கேட்டார்கள். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துடு."

"அதிகாரியே நடத்தலாம்னு சொல்லிட்டாருங்க."

"அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஊரு சிரிக்குது."

"அவங்க சிரிச்சது தாடிக்குங்க. உங்களுக்கு இல்ல."

"இத்தனை மாசமா எங்கிட்ட மறைச்சிருக்க!" குரல் உயர்ந்தது. "எத்தனை புத்தகம் இருக்குது?"

"நாப்பத்தொண்ணு."

"என் வீட்டுல நாப்பத்தொண்ணா? வகுப்புக்கு ஒண்ணு போதாதா? எதுக்கு வாங்கின? எப்பலேர்ந்து?"

ரேணுகாம்பாள் பதில் சொல்லவில்லை. சொன்னால் மாமியாரைக் காட்டிக்கொடுப்பதாகும். திட்டு தன்னோடு போகட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவள ஏம்பா கேக்கற?" காசியம்மாள் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நான்தான் வாங்கியாரச் சொன்னேன். மூணு வருசமா."

"நீயா? உனக்கு எழுத்தே தெரியாதேம்மா."

"எனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமில்ல? கடைசிப் பக்கத்துல ஆடினவங்க, நடிச்சவங்க பேரெல்லாம் போடறாங்களாம். வேணு பேரு வருதான்னு பாக்கச் சொன்னேன்."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லாத பேர். சொன்ன பிறகு காசியம்மாள் நிலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சக்கரவர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்து, மேடையில் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

"இருந்துச்சா, ரேணு?"

இல்லீங்க என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. நாற்பத்தொரு தடவை சொன்ன பதில். நேற்று கேட்டிருந்தால் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள்.

ஆனால் அவள் அந்தப் பக்கங்களை எப்படிப் பார்த்தாள்? கடுகு எழுத்தில் ஐம்பது அறுபது பேர். அடுப்பில் உலை கொதிக்கும்போது பார்த்தது, பஸ் வருவதற்குள் பார்த்தது. முதல் பத்துப் புத்தகத்துக்கு ஆசையோடு தேடினாள். அதற்கப்புறம் இருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு ஓட்டம் ஓட்டினாள். மத்தியானம் வரை அதைப் படிப்பு என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"தெரியலீங்க" என்றாள்.

"தெரியலையா?" காசியம்மாள் நிலையை விட்டு வெளியே வந்தாள். "இல்லன்னு சொன்னியேடி!" பதினோரு வருஷத்தில் மருமகளை அவள் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லன்னுதான் நெனச்சேன் அத்தை. ஒழுங்கா படிச்சேனான்னு இப்ப எனக்கே தெரியல."

காசியம்மாள் அவளைத் திட்டவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள்.

"நாளைக்கு இவ வகுப்புக்குப் போவா. நானும் கூடப் போறேன். அந்தத் தங்கம்மாவால முடியுது, என்னால முடியாதா? என் புள்ள பேரு எழுதினா எப்படி இருக்கும்னு எனுக்குத் தெரியணும்பா."

சக்கரவர்த்தி ராஜினாமாவைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய் அரிசி டிரம்மை நகர்த்தினார். சாக்கைத் தானே இழுத்து வந்து விளக்குக்கு அடியில் அவிழ்த்தார். மேலாக இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரேணுகாம்பாள் ஒரு பக்கமும் காசியம்மாள் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள்.

"அவசரப்படாத" என்றாள் காசியம்மாள். "ஒவ்வொரு எழுத்தா படி."

"சரிம்மா" என்றார் தமிழாசிரியர், முதல் பேரின் முதல் எழுத்தில் விரலை வைத்து.